ஒன்ஸ் மோர் கேட்டவர்களும் ஒரு பாட்டுக்காரியும்

வெனிஸ் நகரத்துல ரியால்டோ பாலத்துக்குப் பக்கமா சந்து சந்தா நுழைஞ்சு போனா ஒரு பழைய ஆப்ரா கொட்டகை வரும். 1678ல் திறந்தது. ஹான்டெல் எழுதின 'அக்ரிப்பினா' 1709ல் முதன்முதலா அரங்கேறினது இங்கதான். இவ்வளவு பெருமை உள்ள கொட்டகைக்கு இன்னைக்கு இருக்கிற பேரு 'தியேட்டரோ மலிப்ரான்'. கட்டின பிரபுவோட பேரு இல்லீங்க, ராஜாவோட பேரும் இல்லை. 28 வயசுல செத்துப்போன ஒரு பாட்டுக்காரியோட பேரு.

மரியா மலிப்ரான். மேடையில் இருந்தது மொத்தமே 11 வருஷம். 1825ல் ஆரம்பிச்சு 1836ல் முடிஞ்சுபோச்சு. எடிசன் ஃபோனோகிராஃப் கண்டுபிடிச்சது 1877ல். அதனால அந்தக் குரல் ஒரு நொடி கூட எங்கேயும் பதிவாகலை. ஆனாலும் ஆப்ரா வரலாறு எழுதுறவங்க யாரும் இவரைத் தாண்டிப் போக முடியாது.

ஆப்ரா பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிட்டு கதைக்குப் போறேன். கிட்டத்தட்ட முழு நாடகமும் பாட்டாவே நடக்கும். மைக் கிடையாது. கீழே முப்பது நாற்பது பேர் வாத்தியம் வாசிப்பாங்க, அதைத் தாண்டி பாடுறவர் குரல் கடைசி மாடத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்குப் போய்ச் சேரணும். கத்தினா தொண்டை போயிடும். கத்தாம, மூச்சை வச்சுத்தான் அனுப்பணும். இதுக்கு வருஷக்கணக்கா சாதகம் வேணும். ஒரே ஸ்வரத்தை ஒரே மூச்சுல மெல்லிசா ஆரம்பிச்சு, மெதுவாப் பெருக்கி, திரும்ப மெல்லிசாக் கொண்டுவந்து முடிக்கிறது ஒரு பயிற்சி. கேட்கச் சுலபம். ஒழுங்கா வர வருஷங்கள் ஆகும்.

அப்பா என்கிற வாத்தியார்

மரியா 1808 மார்ச் 24ல் பாரிஸில் பிறந்தார். அப்பா மானுவல் கார்சியா, ஸ்பெயின் நாட்டு செவில் நகரத்துக்காரர். பெரிய பாடகர், இசையமைப்பாளர், பாட்டு வாத்தியார். 1816ல் ரோம் நகரில் ரோஸ்ஸினியோட 'செவில் நகர நாவிதன்' முதல் முறை மேடையேறினப்போ கதாநாயகன் அல்மாவீவாவா பாடினவர் இவர்தான். அம்மாவும் பாடகி. வீட்டுல மூணு பிள்ளைங்க. மூத்தவன் அப்பா பேரையே கொண்ட மானுவல் (1805), அடுத்தது மரியா, கடைக்குட்டி பாலின் (1821). இந்த மூணு பேரையும் ஞாபகத்துல வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

மரியாவோட குரல் பிறவியிலேயே தேன் மாதிரி வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. கீழ் ஸ்தாயி கனமா இருக்கும், மேல் ஸ்தாயி வேற மாதிரி ஒலிக்கும், நடுவுல சில ஸ்வரங்கள் மங்கிப்போய் நிற்கும். மார்புல அதிர்ற குரலும் தலையில அதிர்ற குரலும் சேர்ற இடத்துல ஒரு ஒட்டு தெரியும். அந்த ஒட்டு தெரியாம இழைக்கிறதுதான் இத்தாலியப் பயிற்சியோட உயிர்நாடி. கார்சியா விடலை. கோபக்காரர், கை நீட்டுறவர். பயிற்சி நேரத்துல வீட்டுக்குள்ள இருந்து அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்கும்னு அந்தக் காலத்துல பேசிக்கிட்டாங்களாம். அழுதுகிட்டே பாடு, ஆனா பாடு. அதான் அந்த வீட்டுச் சட்டம்.

பலன் கிடைச்சது, அதை மறுக்க முடியாது. 1825 ஜூன் மாசம் லண்டன்ல பிரபல பாடகி ஜுதீத்தா பாஸ்தாவுக்குப் பதிலா, 17 வயசு மரியா 'செவில் நகர நாவிதன்' ஆப்ராவில் ரோசினாவா மேடையேறினார். ஒரே ராத்திரியில் ஊர் திரும்பிப் பார்த்தது.

கடல் தாண்டின குடும்பக் கம்பெனி

அதே வருஷம் கார்சியா ஒரு துணிச்சலான காரியம் பண்ணினார். குடும்பத்தையே ஒரு நாடகக் கம்பெனியாக்கி கப்பலேத்தி நியூயார்க் கூட்டிட்டுப் போனார். 1825 நவம்பர் 29ல் பார்க் தியேட்டர்ல அதே 'செவில் நகர நாவிதன்'. அப்பா அல்மாவீவா, மகள் ரோசினா, மகன் ஃபிகாரோ, அம்மா வேலைக்காரி பெர்த்தா! நியூயார்க் நகரம் முதன்முதலா இத்தாலிய ஆப்ராவை இத்தாலிய மொழியிலேயே கேட்டது அன்னைக்குத்தான்.

இதுல ஒரு சுவாரஸ்யம். மொஸார்ட்டுக்கு 'டான் ஜியோவான்னி' கதை வசனம் எழுதிக் கொடுத்த லொரென்ஸோ தா போன்தே, கடன் தொல்லையில ஊர் ஊரா ஓடி, கடைசியில நியூயார்க்லதான் இத்தாலி மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைச்சுக்கிட்டிருந்தார். 1826 மே மாசம் கார்சியா கம்பெனி 'டான் ஜியோவான்னி' போட்டப்போ கிழவருக்கு வயசு 77. மொஸார்ட் செத்து 34 வருஷம் கழிச்சு, தன்னோட வரிகளை வேற ஒரு கண்டத்துல மறுபடி கேட்டார். ஸெர்லினாவா பாடினது மரியா.

இன்னொரு கதையும் உண்டு. ரோஸ்ஸினியோட 'ஒத்தெல்லோ'வில் அப்பா ஒத்தெல்லோ, மகள் டெஸ்டிமோனா. கடைசிக் காட்சியில் ஒத்தெல்லோ கத்தியோட வரணும். அப்பா கண்ணுல இருந்த வெறியைப் பார்த்து, நிஜமாவே குத்திடுவார்னு மரியா அலறினார்னு சொல்லுவாங்க. நடந்ததோ, யாரோ கட்டிவிட்டதோ, அந்த வீட்டை அறிஞ்சவங்க இதைச் சட்டுனு நம்பினாங்க. அதுதான் இதுல முக்கியம்.

அந்த வீட்டை விட்டு வெளியே வர ஒரு பொண்ணுக்கு அன்னைக்கு இருந்த வழி ஒண்ணே ஒண்ணு. கல்யாணம். 1826 மார்ச் 23, தன்னோட 18வது பிறந்தநாளுக்கு முதல் நாள், யூஜீன் மலிப்ரான் என்கிற நியூயார்க் வியாபாரியைக் கட்டிக்கிட்டார். மாப்பிள்ளைக்கு வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. பணக்காரர்னு பேரு. சில மாசத்துலயே வியாபாரம் திவாலாகிப்போச்சு.

அப்பா கம்பெனியோட மெக்சிகோ கிளம்பிட்டார். (அங்க சம்பாதிச்சதை எல்லாம் திரும்பி வர்ற வழியில கொள்ளைக்காரங்க பறிச்சுக்கிட்டாங்க.) மரியா மட்டும் நியூயார்க்லயே தங்கினார். இங்கிலீஷ் பாட்டு நாடகங்களில் பாடினார், ஞாயித்துக்கிழமை சர்ச்சில் பாடினார். எதுக்கு? புருஷன் குடும்பத்தை ஓட்ட. வீட்டை விட்டு வெளியே வர்றதுக்காகக் கல்யாணம் பண்ணின பொண்ணு, மறுபடியும் இன்னொருத்தர் கணக்குக்குப் பாட ஆரம்பிச்சது இப்படித்தான்.

பாரிஸ், மிலான், வெனிஸ்

1827 கடைசியில தனியா ஐரோப்பா திரும்பினார். 1828 ஜனவரியில் பாரிஸில் ரோஸ்ஸினியோட 'செமிராமிதே'. அப்போ வயசு 19. அதுக்கப்புறம் ஏறுமுகம்தான். ஹென்ரியெட்டா சோன்டாக் என்கிற ஜெர்மன் பாடகிக்கும் இவருக்கும் ரசிகர் சண்டை பாரிஸில் அமர்க்களப்பட்டது. ஆனா அந்த ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பாடினப்போ ரெண்டு கட்சியும் வாயடைச்சுப் போச்சு. சோன்டாக் ஒரு பிரபுவைக் கட்டிக்கிட்டு 1830ல் மேடையை விட்டு ஒதுங்கிட்டார். மரியா ஒதுங்கலை.

பெல்ஜியம் நாட்டு வயலின் வித்வான் சார்ல் த பெரியோவோட பழக்கம் ஏற்பட்டது. ரெண்டு பேரும் சேர்ந்து வாழ ஆரம்பிச்சாங்க. ஆனா முதல் கல்யாணம் கழுத்துல சுருக்கு மாதிரி. பிரான்ஸில் 1816லயே விவாகரத்துச் சட்டத்தை ரத்து பண்ணிட்டாங்க, திரும்ப வந்தது 1884ல். ஐரோப்பாவே கொண்டாடுற பாடகி, ஆனா சொந்தக் குழந்தைக்கு அப்பா பேரைச் சட்டப்படி சொல்ல முடியாது. 1833ல் மகன் பிறந்தான். முதல் கல்யாணம் செல்லாதுன்னு கோர்ட் சொன்னது 1835ல். 1836 மார்ச் 29ல் பெரியோவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். சட்டப்படி அவரோட மனைவியா வாழக் கிடைச்சது ஆறு மாசம் கூட இல்லை.

இந்த வருஷங்கள்ல அவர் வேலை செஞ்ச வேகத்தைப் பார்த்தா நமக்கே மூச்சு வாங்கும். லண்டன், நேபிள்ஸ், பொலோன்யா, மிலான், வெனிஸ். எல்லாம் குதிரை வண்டிப் பயணம். 1833ல் லண்டன்ல பெல்லினியோட 'சொன்னாம்புலா'வை இங்கிலீஷ்ல பாடினார். 1834ல் மிலான் லா ஸ்காலாவில் 'நோர்மா'. அதே மேடையில் 1831ல் அந்தப் பாத்திரத்தை முதன்முதலா பாடினது யார் தெரியுமா? அதே ஜுதீத்தா பாஸ்தா. அவரோட கோட்டைக்குள்ளயே போய் நின்னு பாடிட்டு வந்தார் மரியா. பாட்டு மட்டும் இல்லைங்க. சொந்தமாப் பாட்டு எழுதி வெளியிட்டார், படம் வரைவார், நாலஞ்சு மொழி பேசுவார், குதிரை சவாரின்னா உயிர்.

1835ல் வெனிஸ். அங்க ஜியோவான்னி கால்லோங்கிறவர் ஒரு பழைய கொட்டகையை வாங்கிப் புதுப்பிச்சுக் கஷ்டத்துல இருந்தார். அவருக்காக மரியா 'சொன்னாம்புலா' பாடினார். பாடிட்டு, சம்பளம் வேண்டாம்னுட்டார். நெகிழ்ந்துபோன கால்லோ கொட்டகைக்கே அவர் பேரை வச்சார். ஆரம்பத்துல சொன்னேனே, அந்தக் கொட்டகை இதுதான்.

அதே வருஷம் டிசம்பர் 30. மிலான் லா ஸ்காலாவில் தோனிஸெத்தியோட 'மரியா ஸ்துவார்தா' முதல் அரங்கேற்றம். ஸ்காட்லாந்து ராணி, இங்கிலாந்து ராணி எலிசபெத்தை முகத்துக்கு நேரா வசவு பாடுற காட்சி அதுல இருக்கு. ஏற்கனவே நேபிள்ஸ் ராஜா இந்த ஆப்ராவை மேடையேறவே விடலை. மிலான் சென்சார் அதிகாரிகள் வசவை மாத்தச் சொன்னாங்க. மரியா மேடையில மூல வரியையே பாடினார். கொஞ்ச நாள்ல தடை வந்துடுச்சு. தைரியம்னு பாராட்டலாம். ஆனா அன்னைக்கு அவருக்குக் குரல் கட்டியிருந்தது. தள்ளிப்போட்டிருக்கலாம். தள்ளிப்போடலை.

இந்த வார்த்தை அவர் கதையில திரும்பத் திரும்ப வரும். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை.

மான்செஸ்டர்

1836 ஜூலை. லண்டன்ல சவாரி போனப்போ குதிரையிலிருந்து விழுந்தார். தலையில பலமான அடி. டாக்டரைப் பார்க்க மாட்டேன்னுட்டார். வீட்டுல கூட விவரத்தைப் பூசி மெழுகினார்னு சொல்லுவாங்க. தலைவலி விடலை. அவரும் பாட்டை விடலை.

செப்டம்பர்ல மான்செஸ்டர் இசை விழா. ஒத்துக்கிட்ட நிகழ்ச்சி, வந்துட்டார். 14ஆம் தேதி சாயங்காலக் கச்சேரியில மரியா கரதோரி ஆலன் என்கிற பாடகியோட சேர்ந்து, மெர்கதாந்தே எழுதின ஒரு ஜோடிப் பாட்டு. பாட்டு முடிஞ்சதும் கூட்டம் விடலை. இன்னொரு முறை, இன்னொரு முறைன்னு ஆரவாரம். நம்ம பாஷையில சொன்னா ஒன்ஸ் மோர்.

நிற்கவே முடியாத நிலையில இருந்த மனுஷி திரும்ப வந்தார். திரும்பப் பாடினார். பிர்காவெல்லாம் முதல் தடவையை விட அதிகமாவே போட்டார். கைதட்டல் அடங்குறதுக்குள்ள சரிஞ்சு விழுந்தார். அந்தக் கால வைத்திய முறைப்படி டாக்டருங்க ரத்தத்தை வேற வெளியேத்தினாங்க. அதுக்கப்புறம் மேடையேறவே இல்லை. ஒன்பது நாள் ஓட்டல் அறையில கிடந்து, செப்டம்பர் 23ஆம் தேதி உயிர் போச்சு. இவருக்காகவே தன்னோட 'பூரித்தானி'யைத் தனியா மாத்தி எழுதிக் கொடுத்த பெல்லினி, சரியா ஒரு வருஷம் முன்னால அதே தேதியில்தான் இறந்திருந்தார். அவருக்கு வயசு 33. அந்த 'பூரித்தானி'யைப் பாட மரியாவுக்குக் கொடுத்து வைக்கலை.

மான்செஸ்டர்ல அடக்கம் பண்ணினாங்க. கொஞ்ச மாசத்துல உடலை எடுத்து பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல லாக்கன் கல்லறைக்கு மாத்தினாங்க. இன்னைக்கும் அங்க அவரோட வெள்ளைச் சிலை நிற்குது.

மத்த ரெண்டு பிள்ளைங்க

பெரும்பாலான புத்தகங்கள் இங்கயே கதையை முடிச்சுடும். மேதை, அல்பாயுசு, ஐயோ பாவம். எனக்கு அது போதலை. ஞாபகத்துல வச்சுக்கச் சொன்னேனே அந்த ரெண்டு பேர், அவங்ககிட்டதான் மீதிக் கதை இருக்கு.

அண்ணன் மானுவலுக்கு அப்பாவோட கம்பெனியில் பாடிப் பாடியே குரல் கெட்டுப்போச்சு. இருபதுகளிலேயே மேடையை விட்டு இறங்கிட்டார். ஆனா 'என் குரல் ஏன் போச்சு?' என்கிற கேள்வியை விடலை. மருத்துவமனைகள்ல தொண்டையோட அமைப்பைப் படிச்சார். பாரிஸ்ல வாத்தியாரானார். 1841ல் ஸ்வீடன்ல இருந்து 20 வயசுப் பொண்ணு ஒருத்தி தேடி வந்தா. அளவுக்கு மீறிப் பாடித் தொண்டை தேய்ஞ்சுபோன பொண்ணு. இவர் முதல்ல சொல்லிக்கொடுத்த பாடம் என்ன தெரியுமா? ஆறு வாரம் பாடாதே. பேச்சையும் குறைச்சுக்க. அப்புறம் வா, பார்க்கலாம்.

அழுதுகிட்டே பாடுன்னு சொன்ன அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை சொன்ன வார்த்தைங்க இது! அஞ்சு வருஷம் முன்னால தங்கச்சியைப் பறிகொடுத்தவர்.

அந்தப் பொண்ணு யெனி லின்ட். உலகப் புகழ் பெற்றார். 1849 மே மாசம் லண்டன்ல தன்னோட கடைசி ஆப்ராவைப் பாடிட்டு, இனிமே ஆப்ரா மேடை ஏறமாட்டேன்னு விலகினார். அதுக்கப்புறம் கச்சேரிகள் மட்டும்தான். ஆப்ராவை விட்டப்போ அவருக்கு வயசு 28. மரியா செத்த வயசு. ஒருத்தர் மயங்கி விழுந்து முடிச்சார், இன்னொருத்தர் தானே முடிவு பண்ணி விலகினார். லின்ட் 67 வயசு வரைக்கும் வாழ்ந்தார்.

1854ல் மானுவல், பல் டாக்டருங்க வச்சிருக்கிற நீளக் கைப்பிடிக் குட்டிக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள்ள விட்டு, இன்னொரு கண்ணாடியால வெயிலைத் திருப்பி அதுமேல அடிச்சு, தன்னோட குரல்நாண்கள் அசையறதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரை படிக்கப்பட்டது. தொண்டை டாக்டர்கள் குரல்வளையைப் பார்க்கிற முறைக்கு அதுதான் தொடக்கம். 1905ல் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாட டாக்டர்களும் பாடகர்களும் ஒண்ணா லண்டன்ல கூடினாங்க. 101 வயசுல, 1906ல் இறந்தார்.

தங்கச்சி பாலின்? அக்கா இறந்தப்போ அவளுக்கு 15 வயசு. ஆசைப்பட்டது பியானோ. லிஸ்ட்கிட்டயே பாடம் கத்துக்கிட்டவள். அக்கா போன இடத்தை நிரப்ப அம்மா அவளைப் பாட வச்சாங்க. பாலின் வியார்தோன்னு அவரும் பெரும்புகழ் பெற்றார். ஆனா 1863ல், 40 வயசு தாண்டினதுமே, கூட்டம் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கும்போதே ஆப்ரா மேடையை விட்டு இறங்கினார். பாட்டு சொல்லிக்கொடுத்தார், இசை எழுதினார். 1910ல் 88 வயசுல நிம்மதியா கண்ணை மூடினார்.

ஒரே வீடு, ஒரே பயிற்சி. மூணு விதமா முடிஞ்சது. கார்சியாவோட பயிற்சி ஒரு குரலை எப்படி உண்டாக்கறதுன்னு சொல்லிக்கொடுத்தது. எப்போ நிறுத்தணும்னு சொல்லிக்கொடுக்கலை. அந்தப் பாடத்தை அண்ணன் குரலைக் கொடுத்துக் கத்துக்கிட்டார், தங்கச்சி அக்காவைக் கொடுத்துக் கத்துக்கிட்டார். மரியாவுக்கு மட்டும் கத்துக்க நேரம் இல்லாமப் போச்சு.

அவர் மேலேயே முழுப் பழியும் போட முடியாதுங்க. அப்பா, புருஷன், கொட்டகை முதலாளிங்க, கடைசியில மான்செஸ்டர் கூட்டம்... அவர்கிட்ட 'இன்னும்' கேட்காதவங்க யாரு? சம்பளம் வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச மனுஷிக்குப் பாட்டு வேண்டாம்னு சொல்லத் தெரியலை.

மரியாவோட குரலை இனிமே கேட்க வழியே இல்லை. ஆனா அவர் பாடின பாட்டுகளைத் தேடி எடுத்து, இத்தாலியப் பாடகி செசிலியா பார்த்தோலி 2007ல் 'மரியா'ன்னு ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார். கிடைச்சா கேட்டுப் பாருங்க. அடுத்த தடவை ஏதாவது கச்சேரியில பாடி முடிச்சவர் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு எழுந்திருக்கும்போது, ஒன்ஸ் மோர் கேட்கிறதுக்கு முன்னால அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்குங்க. நான் இப்பெல்லாம் பார்க்கிறேன்.